திவால் மனுவுக்கு முன் வக்கீல் ஃபீஸ்: எந்தப் பணம், எப்போது, எந்தக் கணக்கில்

கடனைக் கட்ட வழியில்லை என்று கோர்ட்டில் போய்ச் சொல்லப் போகிறவர், அதைச் சொல்வதற்கே ஒரு வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வரும்? கையிருப்பில் இருந்து கொடுத்தால், "எங்களுக்கு இல்லாத பணம் வக்கீலுக்கு மட்டும் எப்படி வந்தது?" என்று கடன் கொடுத்தவர்கள் கேட்பார்களா? கைமாற்று வாங்கிக் கொடுத்தால் அதுவே தப்பாகிவிடுமா? மனு போட்ட பிறகு மெதுவாகக் கொடுத்தால் ஆகாதா? கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் ஐ.பி. (திவால் மனு) போடலாமா என்று யோசிக்கிற பலருக்கு இந்தச் சந்தேகங்கள் உண்டு. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. கடனில் மூழ்கியவருக்கு வக்கீல் முன்னால் உட்கார்ந்து ஃபீஸைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

நீலகிரியில் இந்த நிலைக்கு வருகிறவர்கள் ஊதாரிகள் அல்ல. ஒன்றரை, இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள்தான் இங்கே அதிகம். 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்ததில் இருந்து, உரமும் கூலியும் ஏறிய வேகத்தில் இலை விலை ஏறவில்லை. கேரட், உருளைக்கிழங்கு போடுகிறவர்களுக்கு ஒரு மழை, ஒரு மண்சரிவு போதும், போட்ட முதல் போய்விடும். காட்டேஜ், டாக்ஸி, ஓட்டல் என்று கடன் வாங்கி இறங்கியவர்களின் வருமானம் சீசனை நம்பியது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. மலைக்கு அது தேவையா இல்லையா என்பது வேறு விவாதம். ஆனால் வங்கித் தவணையோடு காட்டேஜ் நடத்துகிறவரின் கணக்கு ஒரே சீசனில் மாறிப் போகலாம்.

இவர்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான்: ஃபீஸ் எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பணம், எந்தத் தேதியில் கொடுத்தது, எந்தத் தாளில் எழுதியது என்பதுதான் முக்கியம். திவால் வழக்கில் கடனாளி நாணயமாக நடந்தாரா என்று கோர்ட் பார்க்கும்போது, மனுவுக்கு முந்தைய சில மாதங்களில் நடந்த கொடுக்கல் வாங்கல்தான் முதலில் கண்ணில் படும். வக்கீல் ஃபீஸும் அதில் ஒன்று.

சட்டம் எது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. 2016-ல் புதிய நொடிப்பு, அதாவது திவால், சட்டம் வந்ததால் எல்லாமே அதன்படிதான் நடக்கும் என்று நினைக்கிறார்கள். கம்பெனிகளுக்கு அது சரி. தனி மனிதர்களைப் பொறுத்தவரை, ஒரு கம்பெனியின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும், அதாவது தேயிலை விவசாயி, கடைக்காரர், டிரைவர், பங்குதாரர் நிறுவனம் நடத்துகிறவர் எல்லோருக்கும், 1920-ம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான் இன்னும் பொருந்துகிறது. சென்னை நகருக்கு மட்டும் 1909-ம் ஆண்டின் தனிச் சட்டம். மிகச் சிறிய கடனாளிகளுக்கென்று புதிய சட்டத்தில் 'புதிய தொடக்கம்' என்ற பகுதி எழுதப்பட்டிருக்கிறது. வருட வருமானம் 60,000, சொத்து 20,000, கடன் 35,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, சொந்த வீடு இருக்கக் கூடாது என்று அதற்கு நிபந்தனைகள். அந்தப் பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. ஆகவே அதைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பழைய சட்டத்தின் 10-வது பிரிவுப்படி, கடனைக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர், அவருடைய கடன் 500 ரூபாய்க்கு மேல் இருந்தாலோ, பணம் கட்டச் சொன்ன தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக அவரைக் கைது செய்திருந்தாலோ, அவர் சொத்து ஜப்தியில் இருந்தாலோ மனு கொடுக்கலாம். மாவட்ட நீதிமன்றம் ஊட்டியில். தமிழ்நாட்டில் பொதுவாகச் சார்பு நீதிமன்றங்கள்தான் இந்த மனுக்களை விசாரிக்கின்றன. பந்தலூர்ப் பக்கத்தில் இருந்து ஊட்டி கோர்ட்டுக்கு ஒரு வாய்தாவுக்கு வந்து போனால் ஒரு முழு நாள் போய்விடும், அன்றைய கூலியும் போய்விடும். மனு போடும் முன் வழக்கு எங்கே நடக்கும் என்று கேட்டுக்கொண்டால், ஃபீஸுக்கு அப்பால் வரும் இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடலாம்.

சரி, ஃபீஸுக்கு வருவோம்.

வக்கீல்கள் பலர் இந்த வகை வழக்கில் முழு ஃபீஸையோ பெரும்பகுதியையோ முன்கூட்டியே கேட்பார்கள். கேட்கும்போது கோபம் வரலாம். ஆனால் அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 28-வது பிரிவின்படி, ஒருவரை நொடித்தவர் என்று அறிவித்ததும் அவர் சொத்து கோர்ட்டின் கைக்கோ, கோர்ட் நியமிக்கும் சொத்துப் பொறுப்பாளரான ரிசீவரின் கைக்கோ போய்விடுகிறது. அந்த உத்தரவு வருவதற்கு மாதங்கள் ஆகலாம். ஆனால் வந்த பிறகு, மனு கொடுத்த தேதியில் இருந்தே அது நடைமுறையில் இருந்ததாகக் கணக்கு. இடையில் கையில் வந்த பணம், இடையில் கொடுத்த பணம் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். உத்தரவுக்குப் பிறகு, விடுவிப்புக்கு (கடன்களில் இருந்து கோர்ட் கடைசியில் தரும் விடுதலைக்கு) முன் சேருகிற சொத்தும் அதே கைக்குத்தான் போகும்.

ஒரு வக்கீல் அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம், இரண்டு ஏக்கர் தேயிலை, ஐம்பதைத் தாண்டிய விவசாயி. மஞ்சப்பையில் இருந்து ஒவ்வொன்றாக மேசை மேல் எடுத்து வைக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் நோட்டீஸ், வங்கியின் நகைக்கடன் சீட்டு, இலை ஏஜென்ட் கொடுத்த முன்பணத்துக்கு நோட்டில் எழுதிய கணக்கு, தண்டல் அட்டை, மனைவி பெயரில் இருக்கும் மகளிர் குழுக் கடனின் பாஸ்புக், மாமா ஒருவரிடம் வாங்கிய கைமாற்றுக்குப் புரோநோட்டு நகல். கடைசியாக, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒரு வேலித் தகராறு வழக்கில் வேறொரு வக்கீலுக்குத் தர வேண்டிய 15,000 ரூபாய் பாக்கி. அது எந்தத் தாளிலும் இல்லை, வாயால்தான் சொல்கிறார்.

"பாதி இப்போ தரேன் சார். மீதி அடுத்த மாச இலைப் பணம் வந்ததும் கொடுத்துடறேன்."

"மனு அதுக்கு முன்னாடியே போட்டாகணும்ணே. போட்டாச்சுன்னா அந்த இலைப் பணத்துக்குக் கோர்ட்டுல கணக்குச் சொல்லணும். அதை நீங்க என்கிட்ட கொடுத்தா, நானும் சேர்ந்து பதில் சொல்லணும்."

இந்த இரண்டு வரிக்குள் விஷயம் முழுக்க இருக்கிறது. மனுவைத் தயார் செய்து கொடுப்பதற்கான ஃபீஸை மனுவுக்கு முன்பே, செய்யும் வேலைக்கு நியாயமான தொகையாகக் கொடுத்தால், அது அன்றைக்குக் கிடைத்த சேவைக்கு அன்றைக்குக் கொடுத்த கூலி. பிறகு தருகிறேன் என்று மனுவுக்கு முன் விட்ட பாக்கி வேறு விதமானது. அந்த அளவுக்கு வக்கீலும் உங்களுக்குக் கடன் கொடுத்தவர் ஆகிவிடுகிறார். அவர் பெயரையும் கடன் பட்டியலில் எழுத வேண்டும். மற்றவர்களைப் போலவே விகிதப்படி என்ன கிடைக்குமோ அதுதான் அவருக்கும். தனக்குக் கடன் பாக்கி வைத்திருப்பவருக்கே வழக்காடுவது எந்த வக்கீலுக்கும் சங்கடம்தான்.

அந்தப் பழைய வேலி வழக்கு பாக்கி 15,000 என்ன ஆகும்? இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். "நமக்கு உதவியவர், முதலில் அவருக்கு முடித்துவிடுவோம்" என்று மனுவுக்கு முந்தைய வாரம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். 54-வது பிரிவு இதைத்தான் பார்க்கிறது. கட்ட முடியாத நிலையில் இருப்பவர், கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் நோக்கத்தோடு பணம் கொடுத்து, அதில் இருந்து மூன்று மாதத்துக்குள் மனு வந்து நொடித்தவர் என்ற உத்தரவும் ஆகிவிட்டால், அந்தக் கொடுப்பனவு ரிசீவருக்கு எதிராகச் செல்லாது. நோக்கம் இருந்ததா என்பதைக் காட்ட வேண்டும், உண்மைதான். ஆனால் அந்த வாதத்தில் போய் நிற்பதற்கே செலவாகும். புதிய வக்கீலுக்குப் புதிய வேலைக்காகக் கொடுத்த பணமும் பழைய வக்கீலுக்குப் பழைய பாக்கிக்காகக் கொடுத்த பணமும் பார்வைக்கு ஒன்றுதான். சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. மாமாவின் கைமாற்றுக்கும் இதே கதைதான். சொந்தக்காரர் என்பதால் அவருக்கு மட்டும் முதலில் அடைப்பது, மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க எளிதான இடம்.

மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில் இருக்கிறது, கணவர் ஜாமீன் போடவில்லை என்றால் அது அவர் கடனே இல்லை. மனுவில் அதையும் சேர்த்து எழுதிக் குழப்ப வேண்டியதில்லை. ஆனால் வக்கீலிடம் சொல்லியே ஆக வேண்டும்.

இனி, எந்தப் பணத்தில் கொடுப்பது? நல்ல வழி, மனுவுக்கு முன் கையில் வந்த சொந்த வருமானம். இலைப் பணம், சம்பளம், காய்கறி விற்ற காசு. அதற்கு ரசீது இருக்கும், வங்கிக் கணக்கில் பதிவு இருக்கும். அடுத்தது, மகனோ தங்கையோ தங்கள் சொந்தப் பணத்தில், திருப்பிக் கேட்காமல் கொடுப்பது. அவர்கள் வங்கிக் கணக்கில் இருந்தே நேராக வக்கீலுக்கு அனுப்பினால் இன்னும் தெளிவு. மனுவுக்குப் பிறகு வரும் வாய்தாக்களுக்கான ஃபீஸை இப்படிச் சமாளிப்பதுதான் பாதுகாப்பு. ஒன்று கவனிக்க வேண்டும்: பணம் கொடுப்பவர் மகனாக இருந்தாலும் வக்கீலுக்குக் கட்சிக்காரர் கடனாளிதான். வழக்கை எப்படி நடத்துவது என்று பணம் கொடுத்தவர் கட்டளையிட முடியாது.

தவிர்க்க வேண்டிய வழி, ஃபீஸுக்காகப் புதுக் கடன் வாங்குவது. தண்டல்காரரிடம் 20,000 வாங்கி, அதில் வக்கீலுக்குக் கொடுத்து, அடுத்த மாதம் திவால் மனுவில் அந்தத் தண்டல்காரர் பெயரையே எழுதினால் அது எப்படித் தெரியும்? 42-வது பிரிவு இதை நேரடியாகச் சொல்கிறது. திருப்பிக் கட்ட முடியும் என்று நம்ப நியாயமான காரணம் இல்லாமலே வாங்கிய கடன், முழு விடுவிப்பை மறுக்கக் காரணமாகலாம். கிரெடிட் கார்டில் இழுத்து ஃபீஸ் கட்டுவதும் இதே வகைதான். கடன் தொல்லை தாங்காமல் வக்கீலிடம் போனவர், போன வழியிலேயே தன் வழக்கைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

மனைவியின் நகை? சீதனமாக வந்த நகை மனைவியின் சொந்தச் சொத்து. அதைக் கணவரின் சொத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை, கணவரின் கடனுக்காக விற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவரே விரும்பி ஃபீஸுக்குக் கொடுத்தால் தடை கிடையாது. ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. திவால் உத்தரவுக்குப் பிறகு பல வருடங்களுக்குக் குடும்பத்தின் கையில் மிஞ்சுவது அந்த நகையாகத்தான் இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் இலவசச் சட்ட உதவிக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

டீக்கடையில் கிடைக்கும் யோசனை ஒன்று உண்டு. "முதல்ல தோட்டத்தை மச்சான் பேருக்கு எழுதி வை, அப்புறம் மஞ்ச நோட்டீஸ் விடு." 53-வது பிரிவுப்படி, மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் நல்லெண்ணமும் தகுந்த விலையும் இல்லாமல் செய்த சொத்து மாற்றத்தை ரிசீவர் கேட்டால் கோர்ட் ரத்து செய்யலாம். சொத்தை மறைத்தது, மோசடியாக மாற்றியது என்று நிரூபணமானால் 69-வது பிரிவில் ஒரு வருடம் வரை சிறை. மச்சானுக்குப் பதிலாக வக்கீல் பேருக்கே "ஃபீஸுக்குப் பதிலாக" நிலத்தை எழுதச் சொன்னால், அந்த அலுவலகத்தை விட்டு உடனே வெளியே வந்துவிடுங்கள். தான் ஆஜராகும் வழக்கில் சொத்து ஏலத்துக்கு வந்தால் அதை வக்கீல் வாங்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் விதியே இருக்கிறது. வழக்கு நடத்தக் கட்சிக்காரருக்கு வக்கீல் கடன் கொடுக்கவும் கூடாது.

இன்னொரு வகைப் பேரமும் நடக்கிறது: "உங்க கடனில் எவ்வளவு குறைச்சுத் தரேனோ அதில் இத்தனை சதவீதம் எனக்கு." வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் வாங்குவதோ, கிடைப்பதில் பங்கு கேட்பதோ பார் கவுன்சில் விதிகளின்படி கூடாது. சதவீதக் கணக்கில் ஃபீஸ் கேட்டு, அதற்காகக் கொடுத்த செக் திரும்பியதென்று வக்கீல் ஒருவர் போட்ட வழக்கை, பி. சுனிதா வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. போனில் கூப்பிட்டு "கடனை முடித்துத் தருகிறோம், மாதா மாதம் இவ்வளவு கட்டுங்கள்" என்று சொல்லும் ஏஜென்சிகள் வக்கீல்களே அல்ல. கோர்ட்டில் உங்களுக்காக நிற்க அவர்களால் முடியாது. அவர்களுக்குக் கட்டிய தவணையைத் திரட்டியிருந்தால் நல்ல வக்கீல் ஒருவருக்கே கொடுத்திருக்கலாம்.

அமெரிக்காவில் திவால் மனு மிகச் சாதாரணமாக நடக்கும் காரியம் என்பதால், இந்த ஃபீஸ் விஷயத்தை அங்கே சட்டமே விரிவாக எழுதி வைத்திருக்கிறது. மனுவுக்கு முந்தைய ஒரு வருடத்தில் கடனாளி வக்கீலுக்கு எவ்வளவு கொடுத்தார், இன்னும் எவ்வளவு தருவதாக ஒப்புக்கொண்டார், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை வக்கீலே கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகம் என்று பட்டால் திருப்பிக் கொடுக்கச் சொல்லக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்கும் 7-வது அத்தியாய வழக்கில், கடனாளியின் வக்கீலுக்கு, சொத்துப் பொறுப்பாளர் அவரைக் கோர்ட் அனுமதியோடு அமர்த்தினால் தவிர, சொத்தில் இருந்து ஃபீஸ் கொடுக்க முடியாது என்று 2004-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் லேமி வழக்கில் சொல்லிவிட்டது. ஆகவே அங்கும் ஃபீஸ் முன்பணம்தான். தவணையில் கடனைக் கட்டும் 13-வது அத்தியாயத்தில் மட்டும், மூன்று முதல் ஐந்து வருடத் தவணைத் திட்டத்துக்குள் ஃபீஸையும் சேர்த்துக்கொள்ளலாம். நம் 1920 சட்டத்தில் இப்படி வக்கீல் ஃபீஸை வெளிப்படுத்தும் தனிப் பிரிவு கிடையாது. இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இல்லாத நிலையில் கடனாளி தானே முன்வந்து அதைச் செய்வதுதான் புத்திசாலித்தனம். ஃபீஸ் இவ்வளவு, இன்ன தேதியில், இன்ன பணத்தில் இருந்து என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால், பின்னால் ரிசீவரோ எதிர்த் தரப்பு வக்கீலோ கேட்கும்போது தடுமாற வேண்டாம்.

எழுத்து என்றதும் இன்னொன்று. வக்கீல் ஃபீஸும் வழக்குச் செலவும் ஒன்றல்ல. கோர்ட் ஃபீஸ், வக்காலத்து ஸ்டாம்ப், டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ் பேட்டா, பத்திரிகை விளம்பரம் எல்லாம் செலவு. திவால் மனுவில் கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். ஆறு பேருக்குக் கடன் என்றால் ஒரு செலவு, இருபத்தைந்து பேர் என்றால் வேறு செலவு. "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசினால் பிறகு தகராறு வரும். கட்சிக்காரர் கொடுத்த பணத்தில் எது ஃபீஸ், எது செலவுக்கு என்று வக்கீல் தனித்தனியாகக் கணக்கு வைக்க வேண்டும், செலவுக்குக் கொடுத்ததை எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் ஃபீஸில் கழிக்கக் கூடாது, கேட்டால் கணக்கின் நகல் தர வேண்டும் என்பதெல்லாம் பார் கவுன்சில் விதிகள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது, கூகுள் பேயில் அனுப்பினால் "திவால் மனு ஃபீஸ்" என்று குறிப்பு. அவ்வளவு போதும்.

நடுவில் ஃபீஸ் தகராறு வந்து வக்கீலை மாற்ற வேண்டி வந்தால், பாக்கி இருக்கிறது என்று சொல்லிப் பழைய வக்கீல் வழக்குக் கட்டை நிறுத்தி வைக்க முடியாது. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஃபீஸ் பாக்கிக்கு வக்கீல் வேறு வழியில் வசூல் செய்யலாம், கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. மஞ்சப்பையில் கொண்டுபோன அசல் தாள்கள் எல்லாம் திரும்பி வர வேண்டும். ஆனால் வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் தீர்ப்பு வந்திருக்கிறது. நடத்தை சம்பந்தமான புகாருக்கு இடம் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில்.

இலவசச் சட்ட உதவி இந்த மலையில் பலருக்கும் கிடைக்கக்கூடிய உரிமை. பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே வக்கீல் கிடைப்பார். தோட்டத் தொழிலாளர்களும் தொழிலாளர் என்ற வகையில் கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. யோசித்துப் பாருங்கள்: பழங்குடி மக்களும், இலங்கையில் இருந்து திரும்பி வந்து தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் கணிசமானோரும், கடன் தன் பெயரில் இருக்கும் எந்தப் பெண்ணும் இதற்குள் வருகிறார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஊட்டியில் இருக்கிறது, தாலுகா அளவில் வட்டக் குழுக்கள் இருக்கின்றன. 15100 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். ஆணைக்குழு தரும் வக்கீல் உங்களிடம் தனியாக ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவிலேயே சொல்லுங்கள். மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் சிக்கிய பெண் ஒருவர், வக்கீலுக்குக் கொடுக்க இன்னொரு குழுவில் கடன் வாங்குவதை நினைத்தால், இந்த ஒரு தகவல் ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று தோன்றுகிறது.

பெண்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. பணம் கட்டச் சொன்ன தீர்ப்பை நிறைவேற்ற ஒரு பெண்ணைக் கைது செய்யவோ சிவில் சிறையில் வைக்கவோ முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 56-வது பிரிவு அதைத் தடுக்கிறது. ஆண்களுக்கும், 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட தீர்ப்பில் அதிகபட்சம் மூன்று மாதம்தான். வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் அப்படி அடைக்கலாம், வறுமையால் கட்ட முடியாதவரை அல்ல என்று 1980-ல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது வாரண்ட்டைக் காட்டி "இப்பவே மனு போடலேன்னா ஜெயில்தான்" என்று அவசரப்படுத்தி ஃபீஸ் வாங்குகிறவர்களிடம் இதை நினைவில் வையுங்கள். கைதாகி நீதிபதி முன் நிறுத்தினால்கூட, திவால் மனு கொடுக்கலாம் என்று அவர்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்கிறேன் என்று சொல்லி ஜாமீன் கொடுத்து வெளியே வரவும் வழி உண்டு.

ஃபீஸ் கொடுக்கும் முன் இந்த மனுவால் என்ன கிடைக்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அடமானம் வைத்த சொத்தின் மேல் வங்கிக்கு இருக்கும் உரிமையை அது தொடாது. நகைக்கடன் ஏலம் நிற்காது. அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும். மோசடியால் வந்த கடனும் அப்படியே. செக் திரும்பிய வழக்கு குற்றவியல் கோர்ட்டில் தன் வழியில் நடக்கும், அதற்குத் தனி வக்கீல் செலவு. உங்கள் கடனில் பெரும்பகுதி இந்த வகைதான் என்றால், திவால் மனுவுக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண். வங்கியோடு லோக் அதாலத்தில் பேசி முடிப்பது மேல், அங்கே கோர்ட் ஃபீஸும் இல்லை. இதை முதல் சந்திப்பிலேயே சொல்கிற வக்கீல் கிடைத்தால் அவரை விடாதீர்கள். மறுபக்கம், விவசாயி தான் குடியிருக்கும் சொந்த வீடு, விவசாயக் கருவிகள், சமையல் பாத்திரம், படுக்கை, துணிமணி போன்றவை ஜப்தியில் இருந்து விலக்கு பெற்றவை. அடமானம் வைக்காதவரை அவை திவால் சொத்திலும் சேராது.

தேயிலைத் தொழிற்சாலை பிரைவேட் லிமிடெட்டாக இருந்து, அதன் வங்கிக் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டவர் என்றால் வழி முற்றிலும் வேறு. அது 2016 சட்டம். கோயம்புத்தூரில் உள்ள கடன் மீட்புத் தீர்ப்பாயமோ, கம்பெனி மீதும் நொடிப்பு நடவடிக்கை நடந்தால் சென்னையில் உள்ள தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயமோதான் இடம். வக்கீலோடு, பதிவு பெற்ற நொடிப்புத் தொழில்முறையாளர் ஒருவரும் உள்ளே வருவார், அவருக்கும் ஃபீஸ் உண்டு. ஊர் வக்கீல் இதை எடுத்துக்கொண்டு பிறகு கோவைக்கு அனுப்பினால் இரண்டு முறை செலவாகும். முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பேசிய ஃபீஸ் எதுவரைக்கும்? பெரும்பாலானோர் நொடித்தவர் என்ற உத்தரவு வந்ததும் வழக்கு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது பாதி தூரம்தான். அந்த உத்தரவிலேயே, இத்தனை மாதத்துக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும் என்று கோர்ட் கெடு வைக்கும். கெடுவுக்குள் போடாவிட்டால் 43-வது பிரிவுப்படி அறிவிப்பே ரத்தாகும். கடன்கள் எல்லாம் பழையபடி உயிர்பெறும். அப்படி ரத்தானவர் கோர்ட் அனுமதி இல்லாமல் மறுபடி மனு போடவும் முடியாது. விடுவிப்பு வராதவரை, தான் நொடித்தவர் என்று சொல்லாமல் 50 ரூபாய்க்கு மேல் கடன் வாங்கினால் அதுவும் குற்றம். ஆகவே முதல் நாள் ஃபீஸ் பேசும்போதே, விடுவிப்பு மனுவும் அதன் வாய்தாக்களும் இந்தத் தொகைக்குள் வருகின்றனவா, இல்லையென்றால் அதற்கு எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்று கேட்டு ரசீதின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கெடு தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். வக்கீலின் குமாஸ்தா போன் செய்து ஞாபகப்படுத்துவார் என்று இருந்துவிடாதீர்கள்.